உடை விதியும் மனித மதிப்பும்

நம் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருவோர் யாவரும் வெள்ளாடை தரித்தே வரவேண்டும் என்று விதி செய்யலாமா என அன்பர் சிலர் வினவுகின்றனர். வினா சிறியது, அதனுள் அடங்கிய அறமோ பெரியது. விடை கூறுமுன், பிறர் வகுத்த உடை விதிகள் உலகில் என்ன செய்தன என்பதை ஆராய்தல் நலம்.

செல்வர் கூடிக் கோல்ஃப் ஆடும் மன்றங்களில் உடை விதிகள் மிகுதி. கழுத்துப்பட்டியுள்ள சட்டை வேண்டும், ஜீன்ஸ் கூடாது, செருப்பு கூடாது என்பன அவற்றுட் சில. 2017 ஜூன் மாதத்தில், டில்லி கோல்ஃப் கிளப்பின் உணவுக்கூடத்தில் மேகாலய நாட்டுக் காசி இனப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக முறைப்படி அழைக்கப்பட்டு வந்தவர் அவர். தம் இனத்து மகளிர் மரபாக உடுக்கும் ஜைன்செம் என்னும் ஆடையை உடுத்தியிருந்தார். அது வேலைக்காரியின் உடைபோல் இருக்கின்றதென்று கூறி, ஊழியர்கள் அவரை எழுந்து வெளியேறச் சொன்னார்கள். ஆடை கிழிந்ததென்றோ அழுக்கென்றோ எவரும் குறை கூறவில்லை. பின் குற்றந்தான் யாது? உழைப்பவளைப் போலத் தோன்றியதே குற்றம்!

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2014 ஜூலையில், சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், வேட்டியையும் பிற இந்திய மரபு உடைகளையும் காரணங்காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று சட்டம் இயற்றியது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நன்று. ஆயினும் அச்சட்டம் களியக்காவிளையோடு நின்றுவிடும். நம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வாராது. அன்றியும், சட்டம் கதவைத் திறக்கும். கதவருகே நிற்பவனின் பார்வையைத் திருத்தாது.

அப்பார்வை நம் மண்ணுக்குப் புதியதோ? அன்று. நம் ஊர்களும் அடங்கிய தென் திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு அடியும் வசையும் பட்டனர். 1859 ஜூலை 26-இல் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விளம்பரம் வெளியிட்டு அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தார். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது! அன்பர்களே, இந்நிபந்தனையை உற்று நோக்குங்கள். மானத்தைக் காப்பதே நோக்கமாயின், எம்முறையில் மறைத்தால் என்ன? நோக்கம் மானமன்று, ஒருவரைப்போல் மற்றொருவர் தோன்றிவிடலாகாது என்னும் அச்சமே ஆகும். நம் தாலுக்காவிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியேறிப் பொதுவழியில் சென்றபோது சினந்தவர் உள்ளத்தில் இருந்ததும் அவ்வச்சமே. 1915-இல் பெரிநாட்டில் புலையர் குலப் பெண்கள் தங்கள்மீது சுமத்தப்பட்ட கல்மாலைகளைக் கழற்றி எறிந்தனர். இன்னது அணியாதே என்பதும், இன்னதையே அணி என்பதும், ஒரே நோயின் இரு குறிகள்.

“மன்றம் எங்கள் இல்லம், இல்லத்து விதி எங்கள் விருப்பம்” என்பர் மன்றத்தார். விதி செய்யும் உரிமை இருத்தலும், செய்த விதி அறமாய் இருத்தலும் ஒன்றல்ல. தம் இல்லத்துக்கு அழைத்த விருந்தினரை இலையினின்று எழுப்புதல் எந்த இல்லத்தின் அறம்?

அங்ஙனமாயின் உடை விதி யாவுமே தீயனவோ? அவ்வாறும் கூறோம். நாம் பஞ்சாலையில் பாடுபட்ட காலத்தில் ஒரு விதி இருந்தது. சுழலும் உருளைகளின் அருகே தோளில் துண்டோ, தொங்கும் வேட்டி முனையோ கூடாது. பெண்டிர் கூந்தலை முடிந்திருத்தல் வேண்டும். மீறினால் இயந்திரம் துணியைப் பற்றும். துணியோடு கையையும் பற்றும். மேலாளர் உள்ளே வந்தாலும் அவருக்கும் அதே விதி. ஆகவே இரண்டு கேள்விகளால் எவ்விதியையும் உரைத்துப் பார்க்கலாம். மீறினால் எவருக்கு என்ன தீங்கு? பெரியோர் சிறியோர் இருவரையும் அது ஒன்றுபோலக் கட்டுகின்றதா? டில்லியில் அப்பெண்மணி அமர்ந்து உண்டிருப்பின் எவர் விரல் அறுந்திருக்கும்? ஒருவர் செருக்கு மட்டுமே புண்பட்டிருக்கும்.

பகவான் புத்தரும் சங்கத்துக்கு உடை விதி வகுத்தார். குப்பையிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணியும் சீவரமாதற்குத் தகும் என்றார். மகத நாட்டு வயல்வரப்புப் போலத் துண்டு துண்டாய் வெட்டித் தைக்கச் செய்தார். சாக்கிய குலத்து இளவரசர்கள் துறவு பூணச் சென்றபோது, தங்கள் நாவிதராகிய உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு வேண்டினர். தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு அவரை முதலில் வணங்க விழைந்தனர். அரசகுமாரனும் நாவிதனும் ஒரே ஆடையில் நின்றனர். கிளப்பின் விதி ஏற்றத்தாழ்வைக் காட்டுவது. சீவரத்தின் விதி அதனை அழிப்பது.

இனி நம் வெள்ளாடைக்கு வருவோம். எல்லோரும் ஒன்றென்று காட்டவே வெண்மை வந்தது. ஆனால் ஒருவர் கசவுக்கரை வேட்டியில் முன்வரிசையில் அமர, மற்றொருவர் வெள்ளையின்றி வாயிலில் நிற்பாராயின், அவ்வெண்மையே புதிய குலக்குறி ஆகிவிடும். பாலராமபுரத்தில் வெண்துகில் நெய்யும் கைகளுக்குரியோர் உடுப்பது பெரும்பாலும் கைலியே. ரப்பர் வெட்டி முடித்து, பால்கறை படிந்த சட்டையோடு நேரே தம்மம் கேட்க வருகின்றவரை, வீட்டுக்குப் போய் மாற்றி வா என்போமாயின், அவர் மீண்டும் வாரார். வந்தாலும் பின்வரிசையிலேயே அமர்வார்.

எனவே நம் விடை இதுவே. வெள்ளாடை இயன்றவர்க்கு அழகிய வழக்கமாய் இருக்கட்டும். இயலாதவர்க்கு மதிலாதல் வேண்டா. வாயிலில் நிற்கும் உபாசகர் வருவோரின் உடையைப் பாராமல் முகத்தைப் பார்த்து, “வாருங்கள், முன்னே அமருங்கள்” என்று சொல்லட்டும். தோள்சீலைக்காக அடிபட்ட மண்ணில் வாழும் நாம், துணியைக் கொண்டு மனிதரை அளக்கும் கோலை மீண்டும் கையில் எடுத்தல் தகாது.