கோட்டை யாரைக் காத்தது?

பழங்கோட்டைகளைக் காண விரும்பாதார் அரியர். செஞ்சிக்குச் செல்வோர் மலைமீதேறி மதிலைக் கண்டு வியக்கின்றனர். ஜப்பானுக்குச் செல்வோர் நாட்டுப்புறக் குன்றுகளில் சிதைந்து கிடக்கும் கோட்டைச் சுவர்களைத் தேடிச் சென்று காண்கின்றனர். இருசாராரும் திரும்பி வந்து, "எத்துணை உயரம்! எத்துணை வலிமை!" என்றே கூறுவர். கட்டுவித்த மன்னன் பெயரைப் புகழ்வதோடு காட்சி முடிந்துவிடுகிறது. ஆயின், அறிவுடையார் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. அக்கோட்டை யாரைக் காத்தது?

இவ்வினாவை ஆராய நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. தெம்பனிசில் வாழும் நம்மவர்க்குச் சாங்கி அண்மையிலேயே உள்ளது. அங்கே ஜொகூர் பீரங்கித் தளம் என்னும் இடத்தைக் காணலாம். மதிலும் அகழியும் இல்லையெனினும் அதுவும் ஒரு கோட்டையே. பிரிட்டிஷார் தம் கடற்படைத் தளத்தைக் காப்பதற்காக 1930களில் அதனை அமைத்து, 15 அங்குல வாயுடைய மூன்று பெரும் பீரங்கிகளை நிறுத்தினர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி, 1935இல் ஜொகூர் சுல்தான் வழங்கிய 5 லட்சம் பவுனில் ஒரு பகுதி இதற்குச் செலவாயிற்று. சுல்தான் கொடுத்தார் என்று வரலாறு எழுதுகிறது. அவர் கைக்கு அப்பொன் எங்கிருந்து வந்தது? மண்ணைக் கொத்தியும் மரத்தைச் சீவியும் உழைத்த ஏழை மக்களின் வியர்வை அதில் கலந்திருக்கவில்லையா?

அப்பீரங்கிகள் என்ன செய்தன? பகைவர் கடல் வழியே நேரே தீவைத் தாக்கவில்லை. மலாயாவின் ஊடே நிலவழியாய் இறங்கி வந்தனர். பீரங்கிகள் கடலையன்றி வேறெத்திசையையும் நோக்கமாட்டாதன என்று கூறுவாரும் உளர். அது முழு உண்மையன்று. அவை ஜொகூர்ப் பக்கம் திருப்பியும் சுடப்பட்டன. எனினும், அவற்றின் குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்க ஆக்கப்பட்டவை. பரந்து வரும் காலாட்படையைத் தடுக்க அவை போதவில்லை. கட்டியோரே தம் பீரங்கிகளைத் தகர்த்துவிட்டு, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சரணடைந்தனர். மண்மூடி மறைந்திருந்த சுரங்க அறைகள் 1991இல் மீண்டும் கண்டறியப்பட்டன. இன்று நாம் அங்குக் காண்பது மாதிரிப் பீரங்கியேயாகும்.

கோட்டை விழுந்தது. கோட்டைக்குள் இருந்தோர் சிறைப்பட்டுப் பெருந்துன்பம் உற்றனர், மறுப்பாரில்லை. ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்தவர் யார்? தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அல்லரோ? அவர்களைக் காப்பதற்கென்று ஒரு பீரங்கியேனும் நிறுத்தப்பட்டதுண்டோ? சயாம் பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர், 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் மிகப் பலர். காஞ்சனபுரியில் மாண்ட போர்வீரர்க்கு வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அது தக்கதே. ஆனால் அப்பாதையில் மாண்ட தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை.

அவர்களை அங்குக் கொண்டுசென்றோர் ஜப்பானியப் படையினர். ஆதலின் ஜப்பானியரைப் பழிப்பதோடு அமையலாமோ? அமையலாகாது. அவர்தம் நாட்டிலும் ஏழையின் கதை இதுவேயாம். புக்குயி மாவட்டத்தில் மருவோக்கா என்றொரு கோட்டை உண்டு. பழைய மரக்கோபுரம் எஞ்சியிருக்கும் 12 கோட்டைகளுள் அதுவும் ஒன்று. அது 1576இல் எழுந்தது. அதன் மதில் கட்டக் கட்டச் சரிந்ததாம். நரபலி வேண்டும் என்றனராம். ஓஷிசு என்னும் ஒற்றைக்கண் கைம்பெண், தன் மகனை வீரனாக்குவதாக வாக்களித்தால் தான் பலியாவதாகக் கூறித் தூணின் அடியில் புதைபட்டாளாம். கோட்டை நின்றது, வாக்கு நிற்கவில்லை. இளவேனில் மழையில் அகழி நிரம்பி வழியும்போது, அஃது ஓஷிசுவின் கண்ணீர் என்று அவ்வூரார் கூறுவர். இது கதையே. நரபலியால் மதில் நிற்கும் என்பது மூடநம்பிக்கையன்றி வேறன்று. 1948இல் நிலநடுக்கம் அக்கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. 1955இல் பழைய மரங்களைக் கொண்டே மீண்டும் எழுப்பினர். ஆயினும் அக்கதையில் ஓர் உண்மை உண்டு. பெரியோர் கோட்டைகள் எளியோர் உடல்மீது நிற்பன. எளியோர்க்குத் தந்த வாக்கோ முதலில் மறக்கப்படுவது.

நம் நாட்டிலும் இத்தகைய கதைகள் பல ஊர்களில் வழங்குகின்றன. எம்மன்னர் கட்டினார், எம்மரபு ஆண்டது என்று மார்தட்டும் நாம், கல் சுமந்தவன் எம்மரபினன் என்று கேட்டதுண்டா? அவன் குடிசை மதிலுக்கு உள்ளேயிருந்ததா, வெளியேயிருந்ததா என்று எண்ணியதுண்டா? பிறர் கோட்டையைக் கேட்கும் கேள்வியை நம் கோட்டையைக் கேட்க அஞ்சுவோமாயின், அது நேர்மையன்று.

அங்ஙனமாயின் கோட்டைகளை இடித்துவிடலாமோ எனின், அதுவும் தவறு. 1873இல் ஜப்பானிய அரசின் ஆணையால் பல கோட்டைகள் விற்கப்பட்டும் இடிக்கப்பட்டும் ஒழிந்தன. அதனால் ஏழையின் துயர் துடைக்கப்படவில்லை. அதற்குச் சான்றாய் நின்ற கல்லே போயிற்று. சான்றை அழிப்பவன் குற்றவாளிக்கே உதவுகிறான்.

எனவே, தோழர்களே, சாங்கிக்குச் செல்லுங்கள், செஞ்சிக்கும் செல்லுங்கள், வாய்ப்புடையோர் மருவோக்காவுக்கும் செல்லுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பீரங்கியின் நீளத்தைச் சொல்லிக்கொடுக்கும்போதே, ரயில்பாதைக்குச் சென்று திரும்பாத உறவினர் பெயர் நினைவிலிருப்பின் அதனையும் சொல்லிக்கொடுங்கள். திருக்குறளில் அரண் என்னும் அதிகாரம், கோட்டையின் பெருமையையெல்லாம் எடுத்துரைத்த பின்னர், செயல் திறமில்லாரிடத்து அரண் இருந்தும் இல்லாததே என்று முடிகிறது. எளியோரைக் காவாத அரணும் அத்தகையதே. கல்லில் எழுதப்படாத பெயரை நாவிலேனும் காப்பது நம் கடன்.