அநிர்வேதம்

இல்லத்தில் துன்பம் நேரும்போது சுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்யும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கடலைத் தாண்டிய வீரமும், கணையாழி அளித்த காட்சியும், இலங்கை எரிந்த விதமும் பக்தர்களின் நெஞ்சில் நிறைந்திருக்கின்றன. ஆனால் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஸர்க்கங்களைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அங்கே ஆஞ்சநேயர் தோல்வியுற்றவராக நிற்கிறார். ஏமாற்றத்தால் வாடும் உள்ளத்திற்கு ஆதிகவி தரும் மருந்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரவு முழுவதும் தேடல் நடக்கிறது. இராவணனின் அந்தப்புரத்தில் உறங்கும் மண்டோதரியைக் கண்டு, இவளே சீதை என்று எண்ணித் தம் வாலை முத்தமிட்டுத் துள்ளுகிறார் ஆஞ்சநேயர். மறுகணமே அறிவு விழிக்கிறது: இராமனைப் பிரிந்த தேவி இப்படி அலங்காரத்தோடு உறங்குவாளா? மகிழ்ச்சி வந்த வேகத்திலேயே மறைகிறது. கிடைத்துவிட்டது என்று நினைத்தது கை நழுவும்போது வரும் வலி, கிடைக்கவே இல்லை என்பதைவிடக் கொடியது. அந்த வலியிலும் அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார். அநிர்வேதமே செல்வத்திற்கு வேர் என்று நினைவுகூர்கிறார். முண்டக உபநிஷதத்தில் நிர்வேதம் என்ற சொல் வைராக்கியத்தைக் குறிக்கும். இங்கே அதன் பொருள் மனச்சோர்வு. அச்சோர்வு இல்லாமையே அநிர்வேதம்.

உடனே எழுந்து, நான்கு விரற்கடை இடத்தையும் விடாமல் மீண்டும் தேடுகிறார். சீதை கிடைக்கவில்லை.

இங்குதான் வால்மீகியின் நேர்மையைக் காண்கிறோம். நல்ல சொல் ஒன்று நினைவுக்கு வந்ததும் துயரம் தீர்ந்துவிட்டதாக அவர் பாடவில்லை. கிஷ்கிந்தா காண்டத்தில், சோர்ந்திருந்த வானரர்களுக்கு இதே அநிர்வேதத்தை உபதேசித்தவன் அங்கதன். குறித்த கெடு கடந்ததும் அவனே உண்ணாமல் உயிர்விடத் தர்ப்பையில் அமர்ந்தான். உபதேசம் அறிந்தவனுக்கும் இருள் வரும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாம் முறையும் தேடித் தோற்ற ஆஞ்சநேயரின் மனம் ஒரு சங்கிலியைப் பின்னத் தொடங்குகிறது. சீதையைக் காணவில்லை என்று சொன்னால் இராமன் உயிர்விடுவான், அதைக் கண்டு இலக்குவன், செய்தி கேட்டுப் பரதனும் சத்ருக்னனும், பின் தாய்மார்கள். நன்றி மறவாத சுக்ரீவன், அவன் பின்னே ருமை, தாரை, அங்கதன், முடிவில் வானரக் கூட்டம் முழுவதும். ஓர் இரவின் தோல்வியிலிருந்து இரண்டு அரச குலங்களின் அழிவு வரை மனம் ஓடிவிடுகிறது. சற்று நின்று பார்த்தால், அப்போது உண்மையாக நிகழ்ந்திருந்தது ஒன்றே ஒன்று: சீதை இதுவரை கண்ணில் படவில்லை. மற்ற அனைத்தும் மனத்தின் கற்பனை. தேர்வில் தோற்ற மாணவனும், வேலை இழந்த குடும்பத் தலைவனும், மணமுறிவைச் சந்தித்த பெண்ணும் இரவில் பின்னுவது இந்தச் சங்கிலியைத்தான்.

அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி எது? திரும்பிச் செல்லாமல் வனவாசியாகிவிடலாமா, தீயில் விழலாமா, நீரில் மூழ்கலாமா என்று எண்ணுகிறார், சிரஞ்சீவி என்று உலகம் போற்றும் ஆஞ்சநேயர்! பிறகு அவரே அதை மறுக்கிறார். சாவதில் குற்றங்கள் பல. உயிரோடிருப்பவன் நன்மையைக் காண்பான் என்று தெளிகிறார். துயரம் குறைந்ததால் அந்தத் தெளிவு வரவில்லை. துயரம் இருக்கும்போதே வந்தது.

அந்த இரவில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. இன்று அந்நிலையில் இருப்பவர் தனித்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லலாம். 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பிறர் உதவியை நாடுவது பக்திக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அது அறியாமை.

மனம் அடங்கியதும் ஆஞ்சநேயரின் கண்ணில் ஓங்கிய மரங்கள் அடர்ந்த ஒரு சோலை படுகிறது. அசோக வனம்! இதை இன்னும் தேடவில்லையே என்று நினைக்கிறார். அந்தச் சோலை புதிதாக முளைத்ததன்று. இரவெல்லாம் அங்கேயேதான் இருந்தது. இராம இலக்குவரையும், சீதையையும், தேவர்களையும் வணங்கிவிட்டு அங்கே செல்கிறார். உள்ளே சீதை இருப்பாள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தேடப்படாத இடம் ஒன்று மீதமிருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்ற இளைஞர் அப்துல் கலாமின் நிலையும் இதுவே. இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கே இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். விமானியாகும் கனவு கலைந்தது. ரிஷிகேசம் சென்று கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைத் தரிசித்து ஆறுதல் பெற்றார். அந்தத் தோல்வியால்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரானார் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது முழுமையான பார்வையன்று. ராஷ்டிரபதி பவனம் அன்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. டெல்லியில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓர் அரசுப் பணி இருந்தது. அதில் சேர்ந்தார்.

அசோக வனத்தில் ஆஞ்சநேயர் சிம்சுபா மரத்தின் இலைகளுக்குள் மறைந்திருந்து தேவியைக் கண்டார். இராவணன் மிரட்டிச் சென்ற பின், அரக்கியரின் கொடுஞ்சொல் தாளாமல், தன் கூந்தல் பின்னலையே சுருக்காக்கி உயிர்விடச் சீதை எண்ணுகிறாள். சில நாழிகைக்கு முன் அதே எண்ணத்தைக் கடந்து வந்தவர்தான் மேலே கிளையில் அமர்ந்திருக்கிறார். எந்த மொழியில் பேசினால் அவள் அஞ்சமாட்டாள் என்று அவர் ஆராய்கிறார். தைரியமாயிரு என்று சொல்லவில்லை, அறிவுரை கூறவில்லை. தசரதன் என்றொரு மன்னன் இருந்தான் என்று தொடங்கி, அவள் செவிக்கு மட்டும் எட்டும் மென்மையான குரலில், இராமனின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்.