விளையாடுபவரின் கையும் ஆடையற்ற உடலும்

ஆபாசமான நூல்களையும் படங்களையும் உருவங்களையும் பரப்புவதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, கோயில்களிலும் தெய்வத் திருமேனிகளை ஏற்றிச் செல்லும் தேர்களிலும் உள்ள சிற்பங்களுக்கு விலக்களித்திருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 294ஆம் பிரிவில் அவ்விலக்கைத் தொடர்கிறது. தேர்த்தட்டுகளில் மிதுனச் சிற்பங்களை, அதாவது ஆணும் பெண்ணும் இணைந்திருக்கும் உருவங்களை, செதுக்கும் மரபுடைய தமிழ்நாட்டில் இவ்விலக்கு வியப்புக்குரியதன்று. திருவரங்கம் கோயிலின் வேணுகோபாலர் சன்னதிச் சுவரில் வீணையோடும் கிளியோடும் நிற்கும் மகளிர் சிற்பங்களைக் குடும்பமாக வந்து கண்டு செல்லும் மக்களிடம், உடலின் வடிவம் வெளிப்படுவதே இழிவு என்னும் வாதம் எடுபடாது. ஆகவே வீடியோ விளையாட்டில் பாலுறவுக் காட்சியும் நிர்வாணமும் இடம்பெறலாமா என்னும் வினாவை ஆடையின் அளவைக் கொண்டு தீர்க்க முயல்வது வீண்.

சிற்பத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஊடாட்டத்தில் இருக்கிறது. பார்ப்பவர் செய்யும் செயலுக்கேற்பக் காட்சி மாறுவதும், அச்செயலுக்கு மதிப்பெண்ணோ அடுத்த கட்டத்துக்கான வழியோ பரிசாகக் கிடைப்பதும் ஊடாட்டம் எனப்படும். 2006இல் ஜப்பானில் வெளிவந்த ரேப்லே என்னும் விளையாட்டு, பெண்களை வன்புணர்வதையே ஆட்டத்தின் நோக்கமாக வைத்திருந்தது. கண்டனம் எழுந்த பின்னர் 2009இல் அமேசான் அதன் விற்பனையை நிறுத்தியது. வரைந்த உருவத்துக்கு வலியில்லை, எனவே இங்கே பாதிக்கப்பட்டவர் எவருமில்லை என்னும் மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. அத்தகைய விளையாட்டை ஆடியவர் குற்றவாளியாவார் என்று சொல்வதும் நிறுவப்படாத கூற்றே. அறவாதத்துக்கு அக்கூற்று தேவையுமில்லை. ஒருவருடைய மறுப்பைத் தடையாக வைத்து, அதை உடைப்பதை வெற்றியாகக் கணக்கிடும் அமைப்பு, விளைவு எதுவாயினும், மனிதரை மதிக்கும் முறைக்கு எதிரானது. இருவர் விரும்பிக் கூடும் காட்சி கதையின் ஒரு பகுதியாக வருவதும், 2020இல் வெளியான சைபர்பங்க் 2077 போல நிர்வாணத்தை மறைத்துக்கொள்ளும் வசதியை ஆடுபவருக்கே தருவதும் இதனோடு ஒப்பிடத்தக்கவையல்ல.

வன்முறையைப் பற்றி இதே கண்டிப்பு காட்டப்படுகிறதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை, இல்லை என்பதே. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆன்ட்ரியாஸ் விளையாட்டில் காவலரையும் வழிப்போக்கரையும் கொல்ல முடிந்தபோது அமெரிக்க வகைப்பாட்டு அமைப்பு அதைப் பதினேழும் அதற்கு மேலும் வயதானவருக்கு உரியது என்றது, நிரலுக்குள் மறைந்திருந்த பாலுறவுக் காட்சி ஒன்று 2005இல் வெளிப்பட்டதும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும் உரியதாக மாற்றியது. கொலைக்கு இல்லாத கூச்சம் கூடலுக்கு வந்தது.

இந்தியாவில் திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் உண்டு. விளையாட்டுகளுக்கு அப்படியொரு சட்டப்படியான அமைப்பு இல்லை. கைபேசியைக் கையில் வாங்கும் சிறுவனுக்கும் திரைக்கும் நடுவே நிற்பது, செயலிக் கடை இடும் வயதுக்குறி மட்டுமே. அக்குறியும் முழுக் காவலாகாது. பாலுறவுக் காட்சி எதுவும் இல்லாத பப்ஜி என்னும் சுடும் விளையாட்டை யூடியூபில் ஆடிக்காட்டிக்கொண்டே பெண்களைக் கொச்சையாகப் பேசியதாக ஒருவரைத் தமிழ்நாட்டுக் காவல்துறை 2021 ஜூனில் தருமபுரியில் கைது செய்தது. வகைப்பாட்டுக் குழு பார்ப்பது விளையாட்டின் உள்ளடக்கத்தை. அதை ஆடுவோரின் வாய் எந்த வகைப்பாட்டுக்கும் உட்படுவதில்லை. சிறுவர்களைப் பொறுத்தவரை, வயதுவந்தோருக்கென எழுதப்பட்ட ஒரு காதல் காட்சியைவிட இத்தகைய பேச்சே அஞ்சத்தக்கது.

வயதுவந்தோருக்கு எது அனுமதிக்கத்தக்கது என்பதை யார் முடிவு செய்வது என்பது வேறு சிக்கல். 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு பணப்பரிமாற்ற நிறுவனங்களை வற்புறுத்தியதை அடுத்து, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் பல பாலுறவு விளையாட்டுகளை நீக்கியது, அதேபோன்ற இட்ச்.ஐஓ தளமோ வயதுவந்தோருக்கான ஆக்கங்களை ஒட்டுமொத்தமாகத் தேடலிலிருந்து மறைத்தது. வன்புணர்வை ஆட்டமாக்கியவை விலக்கப்பட்டது சரியே எனினும், அவற்றோடு எந்தத் தீங்கும் செய்யாத ஆக்கங்களும் மறைந்தன. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகாது, படைப்பு முழுவதையும் சமகாலச் சமூக அளவுகோலால் காண வேண்டும் என்று கூறிய இந்திய உச்ச நீதிமன்றம் தன் காரணங்களை எழுத்தில் வைத்தது. அவற்றோடு உடன்படாதவர் வாதிட இடமுண்டு. கடன் அட்டை நிறுவனம் மறுத்த படைப்பாளிக்கு அந்த இடம் கிடையாது.