எஞ்சின் மாறினால் வண்டி மாறுமா?

வத்தலக்குண்டில் மலையேறும் வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஓய்வு நாட்களில் சைவ சித்தாந்தம் படிக்கிறேன். போன பருவத்தில் கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறைப் பூண்டு விவசாயி ஒருவர், தன் அப்பா ஓட்டிய சி.ஜே. 3பி ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஹரிக்கேன் எஞ்சினின் பிளாக்கில் விரிசல். வெல்டிங் வைத்தாலும் நிற்காத இடம். "வேற எஞ்சின் போட்டா இது எங்கப்பா ஜீப்பாண்ணே?" என்று கேட்டார். அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

சட்டத்திடம் கேட்டால் பதில் சுலபம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆர்.சி.யில் எஞ்சின் எண் மாறும், சேசிஸ் எண் அப்படியே இருக்கும். அப்படியானால் சேசிஸ்தான் வண்டியா? இந்தச் சேசிஸிலேயே துருவேறிய பக்கங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்தவன் நான். எஞ்சின்தான் வண்டியா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன், உதிரிபாகங்களாகவும் விற்ற கார். வாங்கியவர் தனக்குக் கிடைத்த எஞ்சினை வைத்துக் கட்டிக்கொண்டார். எந்த எஞ்சின் இருந்தாலும் அது செவன்தான்.

சட்டத்தில் கிடைக்காத பதிலைக் கோயிலில் தேடினேன். அந்த விவசாயியும் நானும் முருகனைக் கும்பிடுகிறவர்கள். பழனி மூலவரைப் போலவே பூம்பாறை குழந்தை வேலப்பரையும் போகர்தான் நவபாஷாணத்தில் செய்தார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பழனியில் மூலவர் மேனி தேய்ந்துவிட்டது என்று 2004இல் கருவறையில் ஐம்பொன் சிலை ஒன்றை வைத்தார்கள். பக்தர்கள் ஒப்பவில்லை, சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள். திருப்பணிக் காலங்களில் சாமியின் ஆற்றலைக் கலசத்தில் இறக்கிப் பாலாலயத்தில் வைத்தால் மட்டும் அதே பக்தர்கள் மனமாரக் கும்பிடுகிறார்கள். இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. கலசம் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை, வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறது. அந்த மேனியோ தலைமுறை தலைமுறையாக அபிஷேகத்தையும் கண்ணீரையும் வாங்கியது. மக்கள் காத்தது அந்த உறவை.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வகுத்த சித்தாந்தம் இதற்கு ஒரு பிடி தருகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடும். உடம்பும் பொறிகளும் உயிரல்ல, வினைக்கேற்பக் கிடைத்த கருவிகள். எஞ்சினை வண்டியின் உயிர் என்று பட்டறையில் சொல்வோம். இந்தக் கணக்குப்படி அதுவும் கருவிதான். ஆனால் சார்ந்தவரின் தன்மையை மாற்றிவிடும் என்பதால், கருவியை ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்க முடியாது.

விவசாயியின் மகன் ஜிப்ஸி எஞ்சின் கேட்டான். நியாயமான ஆசைதான். 1.3 லிட்டர், எடை குறைவு, 80 குதிரைத்திறன், பழைய 2.2 லிட்டர் ஹரிக்கேனைவிடச் சற்று அதிகம். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். மெல்லிய காற்றில் டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் எஞ்சினும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹரிக்கேனின் கார்புரேட்டர் குறைக்காது, பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும்.

ஆனால் ஹரிக்கேனின் முழு இழுவையும் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஜிப்ஸிக்கு 4,500 சுற்று வேண்டும், அப்போதும் அந்த இழுவை வராது. இந்த ஜீப் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டையை இறக்கிவிட்டு, எரு மூட்டையோடு ஏறுகிற வண்டி. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நின்று, சுமையோடு கிளம்ப வேண்டும். அங்கே ஜிப்ஸி எஞ்சினை அலறவிட்டு, கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டினால் பிளேட் தீய்ந்து நாறும். டீசல் எஞ்சின் இழுக்கும்; அதன் கனத்தில் முன்பக்கப் பட்டைகள் படுத்து ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

அதனால் ஹரிக்கேனே போடலாம் என்றேன். புதுப்பேட்டையில் பிளாக் கிடைத்தது; போர் பண்ணி, மலைக்கேற்பக் கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கினோம். இரும்பு முழுக்க வேறு. ஆனாலும் இது அவர் அப்பாவின் ஜீப்தான் என்று அவரிடம் உறுதியாகச் சொன்னேன். அது சார்ந்திருக்கிற சுமை, பாதை, குடும்பம் எதுவும் மாறவில்லை. மகன் நாளைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றப் போகிறான் என்றால் ஜிப்ஸி எஞ்சினையே நான் பொருத்தித் தருவேன். அன்றைக்கு அது அவனுடைய ஜீப்.