அக்குளில் சிலையா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



மிளகு வாங்கக் கொல்லிமலைக்குச் செல்லும் அன்பர் ஒருவருடன் சென்ற ஆண்டு நாமும் ஒருமுறை ஏறினோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் தலை சுற்றி இறங்கியபோது லுஹர் நேரமாகிவிட்டது. ஒரு கிடங்கின் திண்ணையில் பாயை விரித்து ஐந்தாறு பேர் ஜமாஅத்தாக நின்றோம். நாம் தொழ வைத்தோம். அன்பரின் மருமகன் காயல்பட்டினத்துப் பிள்ளை, ஷாஃபிஈ மத்ஹபினர். ருகூவுக்குக் குனியும்போதும் நிமிரும்போதும் அவர் கைகளை உயர்த்தினாராம்.

ஸலாம் கொடுத்ததும் மாமனார் அவர் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, அந்தக் காலத்துல அக்குள்ல சிலையை ஒளிச்சு வச்சுக்கிட்டுத் தொழ வந்தாங்களே, அவங்களுக்குச் சொன்னது அது. உங்க தொழுகை சேராது. திருப்பித் தொழுங்க” என்றார்.

மருமகன் எதிர்த்துப் பேசவில்லை. மாமனாரின் மரியாதைக்காக எழுந்து மீண்டும் தொழுதார். நிறைவேறிவிட்ட தொழுகையை ஒருவர் கூடாதென்று சொல்ல, மற்றவர் பணிந்து திருப்பித் தொழுததை நாம் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மௌனத்திற்காகவே இதனை எழுதுகிறோம்.

நாமும் ஹனஃபி மத்ஹபினரே. முதல் தக்பீருக்கு மட்டுமே கைகளை உயர்த்துகிறோம். ஆகவே இது பிற மத்ஹபுக்காக வாதாடுவதன்று.

முதலில் அந்தச் சிலைக் கதை. இதற்கு ஸனதும் இல்லை, ராவியும் இல்லை. ஹதீஸ் நூல்கள் எதிலும் இதற்கு இடமில்லை. சற்றுச் சிந்தித்தாலே போதும். அக்குளில் சிலை இருந்தால் முதல் தக்பீரிலேயே கீழே விழுந்திருக்குமே! ருகூ வரை அதற்கு ஏன் காத்திருக்க வேண்டும்? மேலும் யமன் நாட்டிலிருந்து வந்த வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் நபிகளாரின் இறுதி ஆண்டுகளில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். மீண்டும் ஒரு குளிர்காலத்தில் வந்தபோது, போர்வைகளுக்குள்ளேயே ஸஹாபாக்களின் கைகள் உயர்வதைக் கண்டதாக அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் இருக்கிறது. அந்த ஸஹாபாக்கள் சிலைகளை இடுக்கிக்கொண்டு நின்றார்கள் என்று சொல்ல எந்த முஃமினின் நாவு எழும்?

இனி ஆதாரங்கள். இப்னு உமர் (ரலி) அவர்களிடமிருந்து மகனார் ஸாலிம், அவரிடமிருந்து இமாம் ஸுஹ்ரீ என்று வரும் ஸனது மிகவும் வலுவானது. தொழுகையைத் தொடங்கும்போதும், ருகூவுக்குச் செல்லும்போதும், ருகூவிலிருந்து தலையை உயர்த்தும்போதும் நபி (ஸல்) அவர்கள் தோள்வரை கைகளை உயர்த்தினார்கள், ஸஜ்தாவில் அவ்வாறு செய்யவில்லை என்பது அதன் கருத்து. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபிகளாரிடம் இருபது இரவுகள் தங்கிக் கற்றுச் சென்ற மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பும் அவ்விரு நூல்களிலும் உண்டு. இவற்றில் குறை காண யாராலும் இயலாது.

சண்டித்தனம் செய்யும் குதிரைகளின் வால்களைப் போல் கைகளை உயர்த்தாதீர்கள் என்று கண்டித்த ஹதீஸ் முஸ்லிமில் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் ஸலாம் கொடுக்கும்போது இருபுறமும் கையால் சைகை செய்தவர்களைக் கண்டித்தது அது என்பதை, அதே ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அவர்களின் மற்றோர் அறிவிப்பு தெளிவாக்குகிறது. இதைக் கையுயர்த்தலுக்கு எதிராகக் கொண்டுவருவோரை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த மஸ்அலாவுக்கென்றே எழுதிய தனிநூலில் கடிந்துள்ளார்கள்.

அப்படியானால் நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது. நபிகளாரின் தொழுகையைத் தொழுது காட்டிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் முதல் தடவையைத் தவிர வேறெங்கும் கைகளை உயர்த்தவில்லை என்று அல்கமா வழியாக வந்த அறிவிப்பு. திர்மிதி இமாம் இதனை ஹஸன் என்றார்கள். இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களோ இது உறுதிப்படவில்லை என்றார்கள். ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள் ஹனஃபிகளிடம் கடுமை காட்டியவர். அவரே இதனை ஸஹீஹ் என ஏற்று, இது மட்டும் இல்லாவிடில் ஒவ்வோர் இடத்திலும் கையுயர்த்துவது பர்ளாகியிருக்கும் என்ற கருத்தைச் சொல்கிறார். அறிஞர்கள் இவ்வாறு வேறுபட்ட ஒன்றை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது; புகாரி, முஸ்லிமில் உள்ளதை இதைக்கொண்டு மாற்றவும் முடியாது.

பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் பெயரால் வரும் அறிவிப்போ பலவீனமானதே. அதன் ராவி யஸீத் இப்னு அபீ ஸியாத். மக்காவில் இவரிடம் கேட்டபோது, ‘பிறகு மீண்டும் உயர்த்தவில்லை’ என்ற கருத்துள்ள சொல் அதில் இல்லை. பின்னர் கூஃபாவில் கேட்டபோது அது சேர்ந்திருந்தது, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன் என்பது ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்களின் கூற்று. யஸீத் பொய்யரல்லர்; முதுமையில் நினைவு தளர்ந்தவர்.

மத்ஹபு வெறியில் துணிந்து பொய்யுரைத்தவர்களும் இருந்தார்கள். ருகூவில் கையுயர்த்துவோருக்குத் தொழுகையே இல்லை என்று நபிகளாரின் பெயரால் இட்டுக்கட்டியவர் முஹம்மது இப்னு உக்காஷா அல்கிர்மானீ. மறுபக்கம், கவ்ஸர் சூராவில் வரும் ‘வன்ஹர்’ என்பதற்குக் கையுயர்த்துதல் என்றே பொருள் என அலீ (ரலி) அவர்களின் பெயரால் வரும் செய்தியையும் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துள்ளார்கள். தராசு என்றால் இரு தட்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கையுயர்த்தினால் தொழுகை முறியும் என்று மக்ஹூல் நஸஃபீ வழியாக நம் இமாமின் பெயரால் ஒரு சொல் உலவியதுண்டு. நம் மத்ஹபின் மேதை லக்னோ அப்துல் ஹை (1848-1886) அவர்களே அதனை மறுத்திருக்கிறார்கள். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் தோழர் இஸாம் இப்னு யூஸுஃப் ஹனஃபியாக இருந்தும் ருகூவில் கையுயர்த்தி வந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். டில்லி ஷாஹ் வலியுல்லாஹ் (1703-1762) அவர்கள், உயர்த்துவோரே தமக்கு அதிக விருப்பமானவர் என்றும், அதற்காக ஊரில் குழப்பத்தைக் கிளப்பக்கூடாதென்றும் எழுதினார்கள். தேவ்பந்தின் அன்வர் ஷாஹ் கஷ்மீரீ (1875-1933) அவர்களிடம் இரண்டுமே தலைமுறை தலைமுறையாக வந்த நடைமுறைகள்தாம்.

நம் தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உள்நாட்டில் ஹனஃபிகள் மிகுதி. கடற்கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நடக்கத்தான் செய்கிறது. சம்பந்தம் செய்துகொண்ட பிறகு தொழுகையைச் செல்லாதென்பது எந்த ஊர் நியாயம்?

மலையிறங்கும் வழியில் அன்பரிடம் ஒன்று மட்டும் கேட்டோம்: அந்தச் சிலைக் கதையை உங்களுக்குச் சொன்னவர் யார்? சிறுவயதில் ஓதிக்கொடுத்த லெப்பை என்றார். “ரொம்ப நல்ல மனுசருங்க ஹஜ்ரத், பொய்யே பேசமாட்டார்” என்றார்.

யஸீத் இப்னு அபீ ஸியாதை அப்போதே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், நாவில் வரவில்லை. மாப்பிள்ளை முதலில் தொழுததே நிறைவேறிவிட்டது. இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை அன்பரின் கடைக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.