பத்து வட்டியிலிருந்து வெளியே

கடனின் பாரத்தைத் தீர்மானிப்பது தொகையைவிட வட்டி விகிதமே. அந்த விகிதம் எளிதில் கண்ணில் படுவதில்லை. தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் ஓடும் தண்டலில் 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். பார்வைக்கு இது 15 சதவீதம். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகிறது. நூறு நாள் முழுக்க அந்தப் பணம் கடன் வாங்கியவரிடம் இருப்பதில்லை. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. ஊரே அஞ்சும் பத்து வட்டியும், அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாயும், அதே 120தான்.

கிரெடிட் கார்டின் முகம் வேறு, குணம் அதிகம் மாறுவதில்லை. மாதம் 3.5 சதவீத வட்டியில் 1 லட்சம் நிலுவை இருந்து, குறைந்தபட்சத் தொகையாக 5,000 ரூபாய் மட்டும் கட்டினால், 3,500 வட்டிக்கும் 630 ஜிஎஸ்டிக்கும் போய்விடும். அசலில் குறைவது 870 ரூபாய். ஏலச்சீட்டை முதல் மாதங்களிலேயே பெரிய தள்ளுபடிக்கு எடுப்பதும் கடன்தான்; பலர் அதைச் சேமிப்பாகவே எண்ணுகிறார்கள்.

ஒரு கடனின் தவணைக்காக இன்னொரு கடன் வாங்கும் நாளில் நிலைமை கைமீறத் தொடங்குகிறது. கணவருக்குத் தெரியாத குழுக் கடனும், மனைவிக்குத் தெரியாத கார்டு நிலுவையும் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்வது அரிதல்ல. குழுக் கடன் போன்ற நுண்கடனுக்கு 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி, எல்லாத் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. வருமானம் நிலையற்ற வீட்டுக்கு அந்தப் பாதியே அதிகம்.

மீள்வதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டு. மளிகைக் கடைப் பாக்கி, அடகு ரசீது, கைமாற்று உட்பட எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் ஆண்டு வட்டிக்கு மாற்ற வேண்டும். மற்றவற்றுக்குத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் உச்ச வட்டிக் கடனுக்குத் திருப்புவதே மலிவான வழி. வங்கி நகைக்கடன் வட்டி தண்டல் வட்டியில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதை வாங்கித் தண்டலை முடிப்பது நல்ல முடிவு. ஆனால் மீண்டும் தண்டலுக்குப் போனால் நகையும் போகும், கடனும் நிற்கும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனாலும் 2017 அக்டோபரில், கந்துவட்டிக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்த கூலித்தொழிலாளி ஒருவர் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் குடும்பத்தோடு தீக்குளித்தார். மனுவின் மேல் நடவடிக்கை வேண்டும். அது இல்லாத இடத்தில் சட்டம் இருந்தும் பயனில்லை. வங்கிக் கடனுக்கும் விதி உண்டு. வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்க ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது. மீறினால் முதலில் வங்கியிடமும், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம்.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கையெழுத்திட்ட புரோநோட்டு, வெற்றுக் காசோலை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் அன்றே கேட்டு வாங்க வேண்டும். வங்கியானால் நிலுவையில்லாச் சான்று பெற்று, சில மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.