நெய் வாசம்

நீங்கள் விற்கிற பொருளில் ஒரு குறை. வாங்குகிறவருக்கு அது தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, அந்தக் குறையைத்தான் ஆஹா ஓஹோ என்று பாராட்டுகிறார். சொல்வீர்களா, சும்மா இருந்துவிடுவீர்களா?

அவசரப்பட்டு 'சொல்லிடுவேன் சார்' என்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைக்காரன், பெங்களூரில் பியர் காய்ச்சுகிறான். ஊரில் யாராவது கேட்டால் அவன் அம்மா 'கம்பெனியில வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். நமக்குச் சாராயம், பியர் எல்லாமே கம்பி வலைக்குள் கைவிட்டு வாங்குகிற பாட்டில்தான். பெங்களூரில், 2010-ல் இந்திரா நகரில் 'டாய்ட்' தொடங்கிய காலத்திலிருந்து, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடங்கள் பெருகிவிட்டன. (குடிக்கலாமா கூடாதா என்ற வழக்கை இன்று ஒத்திவைப்போம். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.)

அவன் தன் பொறுப்பில் முதன்முதலாகக் காய்ச்சிய பியர் ஒரு விழாவுக்குப் போனது. சின்ன ஸ்டால். வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஒரு மடக்கு ஊற்றித் தரவேண்டும், பிடித்தால் டம்ளர் கணக்கில் வாங்குவார்கள். காலையில் பீப்பாயைத் திறந்து வாயில் வைத்தவனுக்குப் பகீரென்றது. வெண்ணெய் வாசம்!

பியருக்கு அது குறை. ஈஸ்ட் வேலை செய்யும்போது டை அசிட்டைல் என்றொரு பொருள் உண்டாகும். கடைசியில் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வெதுவெதுப்பில் விட்டுவைத்தால், ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். இவன் விழாத் தேதிக்குப் பயந்து அந்த இரண்டு நாளை வெட்டிவிட்டான். அவ்வளவு குறைந்த அளவால் குடிப்பவருக்குத் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. உள்ளே இருப்பது அவனுடைய அவசரம், அவ்வளவுதான்.

கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? 'மச்சி, நெய் வாசம்டா! மைசூர்பா மாதிரி!' வரிசை நீண்டது. பையன் வாயைத் திறக்கவில்லை. மதியம் ஒரு பெரியவர் நின்று நிதானமாகக் கேட்டார். "இந்த வாசத்தை எப்படித் தம்பி வரவழைச்சே?"

"ஸ்பெஷல் ஈஸ்ட் சார்."

இந்த வழக்கு புதிதல்ல. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இதே கேள்வி வருகிறது. ஒயின் கெட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தே விற்கிறவன் அதைச் சொல்லவேண்டுமா? டயோஜனிஸ் என்ற தத்துவக்காரர் (பீப்பாயில் குடியிருந்தவர் அல்ல, இவர் பாபிலோன்காரர்) அவசியமில்லை என்கிறார். சொல்லாமல் இருப்பது வேறு, ஏமாற்றுவது வேறு என்பது அவர் கட்சி. அவர் சீடர் ஆன்டிபேட்டரோ, நல்ல மனிதன் சொல்லத்தான் வேண்டும் என்கிறார்.

நான் சீடர் பக்கம். ஆனாலும் நம் பையன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம். காலையில் அவன் சும்மா இருந்ததற்கு டயோஜனிஸ் வக்காலத்து வாங்கலாம். சந்தோஷமாகக் குடிக்கிறவனைக் கூப்பிட்டு 'நீ ரசிப்பது கோளாறு' என்று சொல்வதும் ஒருவகை அராஜகம்தானே? பெரியவர் கேட்ட பிறகு சொன்னதுதான் கதையை மாற்றிவிட்டது. அதற்கு எந்தத் தத்துவக்காரரும் கைகொடுக்கமாட்டார்.

வினை அதோடு முடியவில்லை. அந்தப் பெரியவர் புதிதாக ஒரு பப் திறக்கப்போகிறவர். இரண்டு பங்கு சம்பளம், வந்து சேர் என்கிறார். ஒரே நிபந்தனை: அந்த நெய் வாசம் வேண்டும்.

ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது பையன் இதைச் சொன்னான். "தப்பையே திரும்பத் திரும்பச் செய்யணும் மாமா. இல்லேன்னா அன்னிக்குப் பொய் சொன்னேன்னு சொல்லணும். எது ஈஸி?"

எனக்கு அவனுடைய அப்பாயி ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பலாப்பழம் அறுத்து விற்ற கிழவி. ஒருநாள் ஒருவர் காசை நீட்ட, "அது வெம்பினதுய்யா, வேணாம்" என்றது. அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்கத்தானே ஆத்தா செய்யுது" என்றார்.

"உனக்கு இனிக்கும். பறிச்சவ நானுல்ல?"

இதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். செல்போனை எடுத்துப் பெரியவர் நம்பரைப் பார்த்தான், பைக்குள் வைத்துக்கொண்டான். மறுநாள் ராத்திரி பெங்களூர் பஸ் ஏறுகிறவரை பேசியதாகத் தெரியவில்லை.